கேட்கத் தெரிந்த பிள்ளை

(நூலக வாசகர் வட்டத்தில் ஆசிரியர்கள், பெற்றோர் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளுக்கு விவாதம் பழக்குவது பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியையாக இருந்தவள் என்ற முறையில் இதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லும் முன் ஒரு பழங்கதை.

பத்தா குண்டலகேசி என்ற பெண் துறவியைப் பற்றிப் பௌத்த மரபு சொல்லும் கதை இது. நம் ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசிக்கு இவள்தான் தலைவி. இவள் ஊர் ஊராகப் போவாள். ஊர் வாசலில் மணலைக் குவித்து, அதன்மேல் ஒரு நாவல் கிளையை நடுவாள். 'என்னோடு வாதிடத் துணிந்தவர் இதை மிதிக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் பிச்சைக்குப் போய்விடுவாள். அந்தக் கிளைக்குக் காவல் யார் தெரியுமா? வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும் சிறுபிள்ளைகள்.

சாவத்தி நகரத்து வாசலில் அப்படி நட்டிருந்த கிளையைப் புத்தரின் சீடர் சாரிபுத்தர் பார்த்தார். பிள்ளைகளிடம் விவரம் கேட்டார். 'நீங்களே மிதித்துவிடுங்கள்' என்றார். பிள்ளைகள் மிதித்தார்கள். ஊர் கூடியது. அவள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் விடை சொன்னார். பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி: 'ஒன்று என்பது எது?' அவளுக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொன்னாள். சொல்லிவிட்டு, கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாள்.

ஊர் ஊராக வென்று வந்தவளை இன்றைக்கும் நாம் நினைவில் வைத்திருப்பது அவள் 'தெரியாது' என்று சொன்ன அந்த ஒரு நாளுக்காகத்தான். அது நடப்பதற்குக் கிளையை மிதித்தவை பிள்ளைகளின் கால்கள். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பிள்ளை 'ஏன்' என்று கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? 'எதிர்த்துப் பேசாதே', 'வாய் ரொம்ப நீளுது', 'பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே'. கொஞ்சம் படித்த வீடாக இருந்தால், 'விதண்டாவாதம் பண்ணாதே'. இந்தக் கடைசிச் சொல்லுக்குத் துல்லியமான பொருள் உண்டு. கௌதமரின் நியாய சூத்திரம் வாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையைக் காண இருவர் பேசுவது வாதம். எப்படியாவது வெல்ல வேண்டும் என்று பேசுவது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலைப்பாடும் வைக்காமல், அடுத்தவர் சொல்வதை உடைப்பதற்கென்றே பேசுவது விதண்டை. அப்படிப் பார்த்தால், 'ஒன்பது மணிக்கு ஏன் தூங்கணும்?' என்று கேட்கும் பிள்ளை விதண்டாவாதம் செய்யவில்லை. காரணம் கேட்கிறது. காரணம் சொல்ல முடியாதபோது அந்தச் சொல்லை எடுத்து அதன் வாயை அடைக்கிறோம். நானும் என் பிள்ளைகளிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? அங்கே பேச்சுக்கு இடம் இருக்கிறது. இலக்கிய மன்றம் இருக்கிறது, தலைவர்களின் பிறந்த நாளுக்குப் பேச்சுப் போட்டி இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சை எழுதுவது யார்? ஆசிரியர்கள்தான். நானும் எழுதியிருக்கிறேன்.

ஒரு முறை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனேன். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்து, எங்கே குரலை உயர்த்த வேண்டும், எங்கே கையை விரிக்க வேண்டும் என்பதுவரை பழக்கியிருந்தேன். ஒரு சொல் பிசகாமல் பேசினாள். கைதட்டல் அடங்கியதும் நடுவர்களில் ஒரு பெரியவர் அன்பாகக் கேட்டார்: "நீ சொன்னதுல உனக்கு எதும்மா ரொம்பப் பிடிச்சுது?" அந்தப் பிள்ளை அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். விடையும் என்னிடம் இருக்கும் என்று நினைத்தாள். பரிசு கிடைத்தது. திரும்பி வரும்போது பேருந்தில் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவள் வாயில் நான் பேசியிருக்கிறேன், அவள் பேசவே இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன் பிறகுதான் பேச்சுப் பயிற்சியை விட்டு விவாதப் பயிற்சிக்கு வந்தேன். வந்த பிறகு ஒன்று புரிந்தது. விவாதத்தில் முதல் பாடம் பேசுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முதல் பாடம் கேட்பது.

இதை நம் மொழியே சொல்லி வைத்திருக்கிறது. 'கேள்' என்றால் காதால் கேள் என்றும் பொருள், வினா எழுப்பு என்றும் பொருள். காது கொடுத்தவனுக்குத்தான் வினா எழுப்பத் தெரியும் என்று யாரோ முன்னோர் ஒருவர் எண்ணியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வள்ளுவர் 'கேள்வி' என்று அதிகாரம் வகுத்தது செவிச் செல்வத்துக்கு. அது 42ஆவது அதிகாரம். 'சொல்வன்மை' 65ஆவது. 'அவையறிதல்' 72, 'அவையஞ்சாமை' 73. கேட்டு, பிறகு சொல்வன்மை பெற்று, அவையை அறிந்து, அதன் பிறகே அஞ்சாமல் நிற்பது என்று அந்த வரிசையை நான் படித்துக்கொள்கிறேன். நாம் பிள்ளைகளை 73இலிருந்து தொடங்க வைக்கிறோம். மேடையில் ஏற்றி 'பயப்படாம பேசு' என்கிறோம்.

பவணந்தியாரின் நன்னூலில் எழுவகை மதம் என்று ஒரு பகுதி உண்டு. மதம் என்றால் இங்கே கொள்கை. அடுத்தவர் கருத்தை உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று, தன் கருத்தைத் தானே நாட்டி நிறுவுவது ஒன்று என்று அது போகும். அதில் இன்னொன்றும் இருக்கிறது: பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு களைவது. மறுக்கப்போகிறவர் முதலில் எதிராளியின் இடத்தில் போய் நிற்க வேண்டும். சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் அதைத்தான் செய்தார். அந்த நூலின் பரபக்கத்தில் மற்றச் சமயங்கள் என்ன சொல்கின்றன என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து மறுத்துவிட்டுத்தான், தன் தரப்பைச் சொல்லும் சுபக்கத்துக்கு வந்தார். நீலகேசி என்ற சமணக் காப்பியம் குண்டலகேசியை மறுக்கவே எழுந்தது. குண்டலகேசி இன்று நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்களின் முதற்குறிப்புகள் பல எங்கே இருக்கின்றன தெரியுமா? நீலகேசியின் உரையில். எதிராளி சொன்னதை எடுத்துக்காட்டியதால், எதிராளியின் நூலில் ஒரு பங்கு பிழைத்திருக்கிறது. நேர்மையான விவாதம் எதிர்த்தரப்பையும் காப்பாற்றி வைக்கும்.

இதையே என் வகுப்பில் ஒரு விதியாக்கினேன். 'எதிரணி சொன்னதைத் திரும்பச் சொல். அவர்கள் ஆமாம் என்று தலையாட்டிய பிறகு மறுத்துப் பேசு.' இந்த ஒரே ஒரு விதிதான். அது என்ன செய்யும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு. விளையாட்டுப் பாடவேளையில் மைதானம் முழுக்கப் பையன்களின் கிரிக்கெட். பெண்பிள்ளைகளுக்கு ஓரத்து வேப்பமரத்தடியில் வளையப்பந்து. தினமும் சண்டை. அதையே தலைப்பாக வைத்தேன்: 'மைதானத்தை இரு தரப்பும் முறை வைத்துப் பயன்படுத்த வேண்டும்.' சீட்டுக் குலுக்கினோம். கிரிக்கெட் தலைவனுக்கு 'வேண்டும்' என்ற சீட்டு விழுந்தது. வளையப்பந்தில் கெட்டிக்காரியான பெண்ணுக்கு 'வேண்டாம்' விழுந்தது. "டீச்சர், இது எப்படி டீச்சர்? கிரவுண்டுல விளையாடறதே நான்தான்" என்றான். "அதனாலதான்டா" என்றேன். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன்.

அவன் ஒருநாள் ஆடாமல் வராந்தாவில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். நாற்பது நிமிடப் பாடவேளையில் கிரிக்கெட் பந்து வந்து விழுந்து வளையப்பந்து ஆட்டம் நின்றது ஒன்பது தடவை. அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான். விவாதத்தில் அந்தக் கணக்கைச் சொன்னபோது அவனுடைய நண்பர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அடுத்து அந்தப் பெண் எழுந்தாள். "மூணு மணி வெயில்ல எங்களுக்கு மைதானம் வேண்டாம். மரத்தடிதான் நல்லா இருக்கு. பந்து வராம இருந்தா போதும்" என்றாள். அவன் மறுக்க வேண்டும். விதிப்படி முதலில் திரும்பச் சொல்ல வேண்டும். "அவங்களுக்கு மைதானமே வேண்டாமாம்" என்றான். அவள் தலையாட்டவில்லை. "நான் அப்படிச் சொல்லல." இரண்டாம் முறை: "அவங்களுக்கு நிழல்தான் வேணுமாம்." அதற்கும் தலையாட்டவில்லை. சிறிது நேரம் யோசித்தான். "அவங்களுக்கு மரத்தடியே போதும். ஆனா அது முழுசா அவங்களுதா இருக்கணும். ஆட்டம் நடுவுல நிக்கக் கூடாது." அவள் தலையாட்டினாள். இனி மறுக்கலாம். அவன் நின்றான். நோட்டைப் பார்த்தான். "டீச்சர், இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "அவனுக்குக் கை தட்டுங்க" என்றேன். மறுநாள் பிள்ளைகளே சுண்ணாம்பு கொண்டுவந்து வேப்பமரத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டார்கள். பந்து கோட்டைத் தாண்டினால் அடித்தவர் அவுட். இந்தத் தீர்வு என் தலைப்பிலேயே இல்லை. 'வேண்டும்', 'வேண்டாம்' என்று நான் கொடுத்த இரண்டு சீட்டிலும் இல்லாத ஒன்றை, ஒருவர் சொன்னதை மற்றவர் சரியாகக் கேட்டதால் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள்.

எதிராளியின் இடத்தில் நின்று பார்ப்பது பெரியவர்களுக்கே கைவராத ஒன்று. அமெரிக்க உளவியலாளர் டீன்னா குன் பதின்வயதினர் முதல் அறுபது வயதினர் வரை 160 பேரைச் சந்தித்து, பள்ளியில் பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்பது போன்ற பொதுக் கேள்விகளைக் கேட்டு, 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். 'உங்கள் கருத்து தவறு என்று ஒருவர் காட்ட விரும்பினால் என்ன சொல்லுவார்?' என்பது அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. பலரால் அதற்கு விடை சொல்ல முடியவில்லை. வயது கூடியதால் மட்டும் அந்தத் திறமை வந்துவிடவில்லை. பழக்கினால்தான் வரும்.

எப்படிப் பழக்குவது? எட்டு, ஒன்பது வயதில் அணியும் மேடையும் வேண்டாம். 'ஏனென்றால்' என்ற சொல் நாக்கில் புழங்கினால் போதும். மணிமேகலையில் அறவண அடிகள் அளவை நெறியைச் சொல்லும் இடம் இருக்கிறது. அங்கே ஒரு பக்கம், ஓர் ஏது, ஒரு திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிவது ஏது. அடுக்களை திட்டாந்தம், அங்கே புகை இருந்தால் நெருப்பும் இருப்பதைப் பார்த்திருக்கிறோமே. நான் பிள்ளைகளுக்கு இதைக் கருத்து, காரணம், கண்ணால் கண்டது என்று சொல்லிக் கொடுத்தேன். 'இன்னிக்கு மழை வரும். ஏன்னா எறும்பு முட்டையைத் தூக்கிட்டு ஓடுது. போன வாரமும் அப்படித்தான் ஓடிச்சு, மழை வந்துச்சு.' உடனே இன்னொரு பிள்ளை எழுந்து, 'எங்க வீட்டுல எறும்பு தினமும் ஓடுது' என்று சொல்லும். விவாதம் தொடங்கிவிட்டது.

இப்படி எளிய பொருளில் விவாதத்தைத் தொடங்கும் மரபு இன்னொன்றும் உண்டு. மைசூருக்கு மேற்கே பைலகுப்பேயில் திபெத்தியர்களின் செரா மடாலயம் இருக்கிறது. அந்த மரபில் சிறு துறவிகளுக்கு விவாதம் நிறத்திலிருந்துதான் தொடங்கும். 'நிறமாக இருப்பதெல்லாம் சிவப்பா?' கேட்கிறவர் நின்றுகொண்டு, கையைத் தட்டிக் கேட்பார். விடை சொல்கிறவர் உட்கார்ந்திருப்பார். அவர் சொல்லக்கூடிய விடைகளும் அளவானவை: ஒப்புக்கொள்கிறேன், ஏன், நீ சொன்ன காரணம் உண்மை இல்லை, அந்தக் காரணத்திலிருந்து அந்த முடிவு வராது. இந்தக் கடைசி இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். 'எறும்பு ஓடவே இல்லை' என்பது ஒன்று. 'எறும்பு ஓடினால் மழை வந்தே தீரும் என்பதில்லை' என்பது வேறு. இந்த வேறுபாடு பிடிபட்ட பிள்ளையை விளம்பரமும் ஏமாற்ற முடியாது, தொலைபேசியில் சுற்றி வரும் வதந்தியும் ஏமாற்ற முடியாது.

வகுப்பில் இன்னொரு தொல்லை இருக்கும். நான்கு பிள்ளைகளே பேசுவார்கள், முப்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குப் புளியங்கொட்டை நல்ல மருந்து. ஆளுக்கு மூன்று கொட்டை. ஒரு முறை பேசினால் ஒன்றை நடுவில் போட வேண்டும். கொட்டை தீர்ந்தால் கேட்க மட்டும்தான் முடியும். வாயாடிப் பிள்ளை மூன்றாவது கொட்டையை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டு, இப்போது பேசலாமா, காத்திருக்கலாமா என்று தவிப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். கூச்சப் பிள்ளை கையில் கொட்டை மிச்சமிருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் பக்கம் வகுப்பே திரும்பும். அந்தப் பிள்ளை வாய் திறக்கும்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் இரண்டு பேர் கொண்ட அணி, ஆளுக்கு இரண்டு நிமிடம், திரும்பச் சொல்லும் விதி. உயர்நிலை வகுப்பில் உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையைப் பார்க்கலாம். அது 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அணிக்கு மூன்று பேர் பேசுவார்கள், ஒவ்வொருவருக்கும் எட்டு நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் பேசுகிறவருக்கே உரியவை. இடையில் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்கலாம். சில சுற்றுகளுக்குத் தலைப்பே ஒரு மணி நேரம் முன்புதான் தெரியும். யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

பட்டிமன்றம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பட்டிமன்றத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும், குன்றக்குடி அடிகளாரைப் போன்ற நடுவர்களும் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்களும் இரவெல்லாம் உட்கார்ந்து ஒரு பாத்திரத்தின் நியாயத்தை எடைபோட்டார்கள். அது பெரிய கொடை. ஆனால் அது கற்றவர் அரங்கம். பிள்ளைகள் அதைப் பார்த்து எடுத்துக்கொள்வது கைதட்டல் வாங்கும் வரிகளை மட்டும்தான். அங்கே நடுவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். பிள்ளைகளின் விவாதத்தில் ஒருவர் கேட்டு மற்றவர் பதில் சொல்லும் இடம் வேண்டும். தீர்ப்பைவிட, 'எந்தக் காரணம் உன்னை அசைத்தது?' என்று முடிவில் கேட்பது நல்லது.

தலைப்பிலும் கவனம் வேண்டும். 'பணமா, பாசமா' என்று கொடுத்தால் பிள்ளை வசனம் தேடிப் போகும். 'ஊர்க் குளத்துக்குக் கம்பிவேலி போடலாமா' என்று கொடுத்தால் குளத்தைத் தேடிப் போகும். போய்ப் பார்த்து, விசாரித்து, எண்ணி வரக்கூடிய தலைப்பே பிள்ளைகளுக்கு ஏற்றது. அதே உறுதியோடு இன்னொன்றையும் சொல்கிறேன். சில செய்திகள் விவாதத் தலைப்பே ஆகக் கூடாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் சாதி, மதம், நிறம், உடற்குறை, வீட்டு வறுமை இவற்றை வைத்து அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குச் சமமா என்ற கேள்விக்கு இரண்டு பக்கம் கிடையாது. அதை இரண்டு பக்கமாகப் பிரித்துக் கொடுத்தால், ஒரு பிள்ளை தன் மானத்துக்காக மன்றாட வேண்டி வரும். அந்தப் பாவத்தை எந்த ஆசிரியரும் செய்யக் கூடாது.

'இதெல்லாம் பழகினால் வீட்டில் எதிர்த்துப் பேசுவானே' என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். ஐயா, பேசுவான். ஆனால் கதவை அறைந்து சாத்துவதற்குப் பதில் காரணம் சொல்லிப் பேசுவான். நீங்கள் சொன்னதை முதலில் திரும்பச் சொல்லிவிட்டுப் பேசுவான். பதினேழு வயதில், கல்லூரி பற்றி, கல்யாணம் பற்றி, யாரோடு பழகுவது என்பது பற்றி நீங்கள் அவனோடு பேச வேண்டிய நாள் வரும். அன்றைக்கு உங்கள் இருவருக்கும் இடையே ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்றால், இன்றைக்கு ஒன்பது மணித் தூக்கத்துக்குக் காரணம் சொல்லிப் பழகுங்கள். சில நாள் அவன் சொல்வது சரியாக இருக்கும். அன்றைக்கு 'நீ சொன்னதுதான்ப்பா சரி' என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு நாம் கொடுக்கும் விவாதப் பயிற்சியில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

வீட்டுக்கு மட்டும் அல்ல, நாட்டுக்கும் இது வேண்டும். நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் 2 ஆண்டு, 11 மாதம், 18 நாள் எடுத்துக்கொண்டார்கள். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 அவையில் முன்மொழியப்பட்டன. அத்தனையையும் கேட்டு, விடை சொல்லி, சிலவற்றை ஏற்று, பலவற்றை மறுத்து அம்பேத்கரும் அவருடைய தோழர்களும் அந்த நூலை நமக்குத் தந்தார்கள். கேட்கத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. கேட்கத் தெரியாத தலைமுறையின் கையில் அதைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது.

அந்த வேப்பமரத்துக் கோடு மழையில் அழிந்துவிடும். நான் ஓய்வு பெறும்வரை ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்ததும் பிள்ளைகளே அதைப் புதிதாகப் போட்டார்கள். முதலில் போட்டவர்கள் பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் போட்டார்கள். ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, 'இந்தக் கோடு எதுக்கு?' என்று கேட்கும். மூத்த பிள்ளைகள் காரணம் சொல்வார்கள். ஒரு முறை ஒரு சின்னப் பெண், 'அப்ப கோட்டை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாமே, மரம் வளந்துடுச்சே' என்றாள். நின்று கேட்டார்கள். மரத்தின் நிழலை அடி வைத்து அளந்தார்கள். தள்ளிப் போட்டார்கள்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள். இனி நான் பேசவில்லை. பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, நான் சொன்னதில் எது உங்களுக்குச் சரியாகப் படவில்லை? எழுந்து நின்று கேளுங்கள். காத்திருக்கிறேன்.